ஒரே மாதிரி இரண்டு போன், நடுவில் ஏன் இவ்வளவு சண்டை?

ராயபுரம் ரயிலடி (இழையைத் தொடங்கியவர்)

நம் இணையத் தளத்தின் இந்தப் பகுதியில் வழக்கமாக "எதை வாங்கலாம்" என்றுதான் இழை (விவாதத் தொடர்) தொடங்குவோம். நான் கேட்க வந்தது வேறு. போன வாரம் இங்கே ஓர் இழை பூட்டப்பட்டதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இருபதாயிரத்துக்குள் இரண்டு போன், எது நல்லது என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். மூன்றாம் பக்கம் வருவதற்குள் ஒருவர் வீட்டாரை இன்னொருவர் இழுத்துப் பேசும் அளவுக்குப் போய்விட்டது. கேட்ட பையன் பதில் கிடைக்காமலே கிளம்பிவிட்டான்.

சண்டை போட்ட இருவரையும் எனக்கு நேரில் தெரியும். ஒருவர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். இன்னொருவருக்கு எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை. இருவரும் தங்கமான மனிதர்கள். அந்த இரண்டு கம்பெனியிலும் இவர்களுக்குப் பத்து பைசா பங்கு கிடையாது. ஒருவர் பக்கம் ரியல்மி, இன்னொருவர் பக்கம் விவோ. ரியல்மி 2018இல் ஒப்போவின் துணைப் பிராண்டாகத்தான் பிறந்தது. ஒப்போவும் விவோவும் சீனாவின் பிபிகே என்ற ஒரே குடும்பத்திலிருந்து வந்தவை. பங்காளி வீட்டுச் சரக்கு இரண்டுக்காக இவர்கள் ஏன் பகையாக வேண்டும்?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். மனிதர்கள் காப்பாற்றப் பார்ப்பது தாங்கள் எடுத்த முடிவை. பிராண்டு அதற்கு ஒரு பெயர்தான். 1956இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பெண்களிடம் டோஸ்டர், ரேடியோ மாதிரி வீட்டுச் சாமான்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். அப்புறம் இரண்டைக் காட்டி, ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்தபின் மறுபடி மதிப்பெண் கேட்டால், எடுத்த பொருளுக்கு ஏறியிருக்கிறது, விட்ட பொருளுக்கு இறங்கியிருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தபோதுதான் இந்த மாற்றம் அதிகம். தெளிவாக ஒன்று மட்டம் என்றால் மனதுக்கு உறுத்தல் இல்லை. சமமாக இருந்தால்தான் "அதையே எடுத்திருக்கலாமோ" என்று அரிக்கும். அந்த அரிப்பை அடக்க, எடுத்ததை உயர்த்தி விட்டதைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது.

இதை நம் பக்கத்து வரவு செலவோடு வைத்துப் பாருங்கள். இருபதாயிரம் ரூபாய் போன் என்பது இங்கே பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். அதை இ.எம்.ஐ.யில் வாங்கி, தவணை முடிந்த பிறகும் இரண்டு மூன்று வருடம் ஓட்டியாக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மாற்ற முடியாது. இரண்டையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உள்ளவனுக்குச் சண்டை தேவையே இல்லை. ஒன்றுக்குத்தான் காசு என்பவனுக்கு அந்த ஒன்று சரியாக இருந்தே ஆக வேண்டும்.

மூலக்கடை சர்வீஸ்

ரயிலடி சொல்வதை நான் கடையில் தினமும் பார்க்கிறேன். டிஸ்ப்ளே போய் வரும் ஆளிடம் "இந்த மாடலில் இது அடிக்கடி வருகிறது அண்ணே" என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "என் தம்பியும் இதேதான் வைத்திருக்கிறான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கும், அப்போதும் போன் நல்ல போன்தான் என்பார். தவணை முடிந்தவர்கள் இவ்வளவு வாதாடுவதில்லை. மனம்விட்டுக் குறை சொல்வார்கள், அடுத்தது எது வாங்கலாம் என்று கேட்பார்கள்.

பிரித்துப் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உள்ளே பிராண்டு கிடையாது. 2017இல் வந்த ஐபோன் எக்ஸில் ஓ.எல்.இ.டி. டிஸ்ப்ளே சாம்சங் செய்து கொடுத்தது. போட்டி போடும் பல போன்களில் கேமரா சென்சார் சோனியுடையது. ஆப்பிளும் சாம்சங்கும் 2011இல் கோர்ட்டுக்குப் போனார்கள். 2012 ஆகஸ்டில் அமெரிக்க ஜூரி நூறு கோடி டாலருக்கும் மேல் சாம்சங் கொடுக்க வேண்டும் என்றது. வழக்கு முழுதாக முடிய 2018 ஆயிற்று. அந்தச் சண்டை உச்சத்தில் இருந்த வருடங்களில் ஐபோனுக்குள் இருந்த சிப்பைத் தயாரித்துக் கொடுத்ததே சாம்சங் தொழிற்சாலைதான். வக்கீல்கள் ஒரு பக்கம் மோதிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் சரக்கு போய்க்கொண்டிருந்தது. முதலாளிகளுக்கு இது தொழில். நம் ஆட்கள்தான் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்கிறார்கள்.

பெரம்பூர் டீச்சர்

ரயிலடி தம்பி, நீங்கள் சொன்ன காரணம் உண்மைதான், ஆனால் பாதிதான். காசு போடாதவர்களும் சண்டை போடுகிறார்களே! என் வகுப்பில் சொந்தமாக போனே இல்லாத பிள்ளைகள் ஐபோனா ஆண்ட்ராய்டா என்று கட்சி கட்டுகிறார்கள். அவர்கள் எந்த முடிவைக் காப்பாற்றுகிறார்கள்?

ஹென்றி டாஜ்ஃபெல் என்பவர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்து 1970இல் வெளியிட்டார். கிளே, காண்டின்ஸ்கி என்று இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். அதை வைத்து நீ இந்த அணி, நீ அந்த அணி என்று பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் குருட்டாம்போக்கில் பிரித்ததுதான். தன் அணியில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட ஒருவனுக்கும் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். பையன்கள் தன் அணிக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள், அதில் வியப்பில்லை. வியப்பு அடுத்ததில். இரண்டு அணிக்கும் நிறையக் கிடைக்கும் வழி ஒன்று இருந்தது. தன் அணிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் எதிரணியை விட அதிகம் கிடைக்கும் வழி இன்னொன்று. பலர் அந்த இரண்டாவது வழிப் பக்கம் சாய்ந்தார்கள். தனக்கு எவ்வளவு வந்தது என்பதை விட, அவனை விட எவ்வளவு அதிகம் என்பது பெரிதாகிவிட்டது.

ஒரு பெயரும் எதிரில் இன்னொரு பெயரும் இருந்தால் போதும். காசு, கஷ்டம், அனுபவம் எல்லாம் பிறகு வந்து சேர்ந்து அதைக் கெட்டியாக்குகின்றன.

எண்ணூர் அலை

டீச்சர், அண்ணன்களே, நீங்கள் எல்லோரும் இதை மனதுக்குள் நடக்கும் விஷயமாகவே பேசுகிறீர்கள். வெளியே என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

நான் வேலைக்குப் போவது ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். பக்கம். முதல் நாள் "எந்த ஏரியா" என்று கேட்டார்கள். சொன்னதும் முகத்தில் ஒரு மாற்றம். வட சென்னை என்றால் ரவுடி, சாம்பல், நாற்றம் என்றுதான் பலருக்கு நினைப்பு. பேச்சு கொஞ்சம் நம் ஊர் வாடை அடித்தாலும் சிரிப்பார்கள். அந்த மேஜையில் எல்லோரும் போனைக் கவிழ்த்து வைப்பார்கள், பின்பக்கம் தெரிகிற மாதிரி. நான் ஐபோன் வாங்கியபோது வீட்டில் திட்டு விழுந்தது. பழைய மாடல்தான், தவணையில்தான். ஆனால் அதை மேஜையில் வைத்த நாளிலிருந்து என்னிடம் பேசும் குரலே வேறு. இது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்றால் வெட்கம் அவர்களுக்குத்தான், எனக்கில்லை.

அப்படி வாங்கிய பொருளை யாராவது "காசுக்குக் கேடு, ஆண்ட்ராய்டில் பாதி விலைக்கு இதைவிட நல்லது கிடைக்கும்" என்றால் எனக்குச் சுள்ளென்று வரும். அவர் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் அந்தக் காசைக் கொடுத்தது மெகாபிக்சலுக்காக இல்லை.

பெரம்பூர் டீச்சர்

> நான் அந்தக் காசைக் கொடுத்தது மெகாபிக்சலுக்காக இல்லை.

அலை, இதை எழுதியதற்கு நன்றி. ரஸ்ஸல் பெல்க் என்ற ஆய்வாளர் 1988இல் இதைத்தான் எழுதினார். நாம் வைத்திருக்கும் பொருள்கள் நம்முடைய ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன, அவற்றை இழந்தால் தன்னில் ஒரு துண்டு போனதாகத் தோன்றுகிறது என்று. பொருளைத் திட்டினால் ஆளைத் திட்டியதாகப் படுவது அதனால்தான். எங்கே ஒருவரை முகவரியை வைத்து மட்டமாகப் பார்க்கிறார்களோ அங்கே இது இன்னும் ஆழமாகப் பதியும். பணக்காரப் பையன்கள் கையில் ஐபோன் இருந்தால் யாரும் அதைப் பேச்சாக்குவதில்லை. நம் பிள்ளை வைத்திருந்தால்தான் "இவனுக்கு எதற்கு" என்று கேட்கிறார்கள்.

திருவொற்றியூர் புல்லட்

எல்லோரும் போனையே பேசுகிறீர்கள். எங்கள் காலத்தில் இந்தச் சண்டை பைக்கில் நடந்தது. புல்லட் ஒரு கட்சி, ஜாவா ஒரு கட்சி, 1985க்குப் பிறகு யமஹா ஆர்.எக்ஸ்.100 மூன்றாம் கட்சி. மைசூரில் செய்த ஜாவாவை ஓட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தவனை நாங்கள் சும்மா விட்டதில்லை. வாய்ப்பேச்சுதான், கையை நீட்டியதில்லை.

எங்களுக்குப் புல்லட் மேல் உரிமை இருந்தது, காரணம் அது எங்கள் ஊரில் பிறந்தது. இங்கிலாந்தில் ரெடிட்ச் ஊரின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். ராணுவத்துக்கு வேண்டிய புல்லட் 350தான் ஆரம்பம். முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, பிறகு முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவாயிற்று. 1970ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாய்க் கம்பெனியே மூடிப்போனது. எங்கள் ஊரில் ஆலைச் சங்கு ஊதுவது நிற்கவில்லை. பின்னாளில் இங்கே செய்த வண்டி இங்கிலாந்துக்கே கப்பல் ஏறியது. அந்தப் பெருமை ஒரு விளம்பரத்தில் வருமா? எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அந்த வேலையை நம்பி இருந்தார். அந்த வண்டியைப் பழிப்பது எங்கள் அப்பாக்களின் கையைப் பழிப்பதாகத்தான் பட்டது.

வட மெட்ராஸ் குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து நின்றோமே, அந்த மாதிரிதான் இதுவும். எந்தப் பரம்பரை என்பதைப் பையன் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அப்பா எங்கே நின்று கைதட்டினாரோ அங்கே நின்று அவனும் கைதட்டினான்.

கொருக்குப்பேட்டை கேட்

புல்லட் ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் பரம்பரையையும் பிராண்டையும் ஒன்றாக வைக்க என்னால் முடியவில்லை. பரம்பரை உங்களைத் திருப்பிப் பார்க்கும். வாத்தியார் பையனின் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்த்துப் பால், முட்டைக்கு வழி செய்தார். தோற்று வந்தவனையும் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்கள். அவன் கொடுத்த விசுவாசத்துக்கு அங்கே ஒரு பதில் இருந்தது. தொழிற்சாலையில் வேலை பார்த்த உங்கள் தெருவுக்கும் ஒரு பதில் இருந்தது, சம்பளம். இன்று போன் வாங்குகிறவருக்கு என்ன பதில்? அவர் பெயர்கூடக் கம்பெனிக்குத் தெரியாது. வாரன்டி அட்டையைக் கொடுத்தால் "தண்ணீர் பட்டிருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையில் லைனில் நின்றவர். 2006இல் தொடங்கிய ஆலை அது. "நான் கோத்த போன்" என்று பெருமையாகக் காட்டுவார், நோக்கியாவைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். 2014இல் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது வரி வழக்கால் அந்த ஆலை மட்டும் விற்பனைக்கு வெளியே நின்றது. அதே ஆண்டு நவம்பரில் மூடினார்கள். விசுவாசம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போய்க்கொண்டிருந்தால் அதற்கு முடிவு இப்படித்தான் வருகிறது.

தண்டையார்பேட்டை கல்யாண கேமரா

எல்லோரும் மனசு, மானம் என்கிறீர்கள். என் தொழிலில் விசுவாசம் என்பதற்கு விலைச்சீட்டு உண்டு. கேமரா பாடி ஒன்று வாங்கினால் அதோடு முடிவதில்லை. லென்ஸ், பிளாஷ், பேட்டரி என்று வருடக்கணக்கில் சேரும். லென்ஸ் பாடியில் பொருந்தும் வாயை மவுன்ட் என்போம். கேனான் இ.எஃப். மவுன்ட் 1987இல் வந்தது, நிக்கான் எஃப் மவுன்ட் 1959இல். இதன் லென்ஸ் அதில் ஏறாது. கட்சி மாறுவது என்றால் பையில் இருப்பதை எல்லாம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டாவது கேமராமேனைக் கூப்பிட்டால் அவரும் அதே மவுன்ட் வைத்திருந்தால்தான் லென்ஸ் மாற்றிக்கொள்ள முடியும். அதனால் ஒரு தெருவில் ஒரு சீனியர் எதை வைத்திருக்கிறாரோ அதைத்தான் அவரிடம் கற்ற பத்துப் பேரும் வாங்குவார்கள்.

இந்த வேலியைத் தாண்ட ஆட்கள் எப்போது துணிந்தார்கள் தெரியுமா? சோனி 2013இல் ஏ7 கொண்டுவந்து மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) பரவ ஆரம்பித்த பிறகு. 2018இல் கேனான் ஆர்.எஃப்., நிக்கான் இசட் என்று இருவரும் புது மவுன்ட் கொண்டுவந்தார்கள். எப்படியும் ஒருநாள் எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும் என்று ஆனதும், இருபது வருடக் கேனான் பக்தர்கள் ஒரே சீசனில் சோனிக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். பக்தி என்று நாம் நினைத்ததில் பாதி லென்ஸ் கணக்குதான்.

ராயபுரம் ரயிலடி

கேமரா அண்ணே சொன்னது முக்கியம். ஆனால் அதையே வைத்து போன் சண்டையைப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. அமெரிக்காவில் ஐபோன் ஒரு வேலி போட்டிருக்கிறது. அதன் ஐமெசேஜ் என்ற செய்தி அனுப்பும் வசதியில் ஐபோன்காரருக்கு அனுப்பினால் நீலம், ஆண்ட்ராய்டுக்கு அனுப்பினால் பச்சை. பச்சையாக வரும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்குகிறார்கள். இதையும் சேர்த்துத்தான் அமெரிக்க அரசின் நீதித்துறை 2024 மார்ச்சில் ஆப்பிள் மேல் வழக்குப் போட்டது. நம் ஊரில் அந்த வேலி இல்லை. அம்மாவிலிருந்து மீன் மார்க்கெட் வரை எல்லோரும் வாட்ஸ்அப். எந்த போனிலும் ஒரே பச்சை. புது போனில் சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப்பை ஏற்றி, கூகுள் கணக்கில் நுழைந்தால் பழைய வாழ்க்கை வந்துவிடுகிறது. ஓர் ஆண்ட்ராய்டிலிருந்து இன்னொரு ஆண்ட்ராய்டுக்குத் தாண்ட வேலியே கிடையாது என்று சொல்லலாம். அங்கேதான் சண்டை மிகக் கடுமையாக நடக்கிறது!

அதாவது வேலி இருக்கிற இடத்தில் ஆள் நகர முடியாததால் இருக்கிறான், அவன் கத்த வேண்டியதில்லை. வேலி இல்லாத இடத்தில், வித்தியாசமும் இல்லாத இடத்தில், தான் ஏன் இங்கே இருக்கிறேன் என்பதற்கு அவன்தான் காரணம் உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீச்சர் சொன்ன இரண்டு ஓவியர் கதையும் இதில் வந்து பொருந்துகிறது.

வியாசர்பாடி மிட்ஃபீல்டர்

இழை முழுக்கச் சண்டையை ஒரு நோய் மாதிரியே பேசுகிறீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. நாங்கள் பந்தாடுகிற ஏரியா. எதிர் டீம் இல்லாமல் ஆட்டம் ஏது? ஒரு பிராண்டைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு, கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு விவாதிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. எனக்கு சிப், ரேம், கெர்னல் எல்லாம் என்னவென்று தெரிந்ததே ஷாவ்மி குழுவில் சண்டை போட்டதால்தான். ரூட் செய்வது (போனின் பூட்டைத் திறந்து முழு அதிகாரம் பெறுவது), ரோம் மாற்றுவது (வேறு மென்பொருளை ஏற்றுவது) எல்லாம் யாரோ முகம் தெரியாத அண்ணன் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். படிப்பு பாதியில் நின்ற எனக்கு அதுதான் கல்லூரி. இன்று நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன் என்றால் அந்தக் குழுதான் காரணம்.

விசுவாசிகளால் பொருளும் முன்னேறும். ஷாவ்மி போன் விற்பதற்கு முன்பே 2010இல் எம்.ஐ.யு.ஐ. என்ற மென்பொருளைத்தான் வெளியிட்டது. முதலில் அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நூறு பயனர்கள். அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத்தான் வாராவாரம் திருத்தினார்கள். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் எழுதியது இதுதான். பொருள் கெட்டால் வாடிக்கையாளர் விலகிப் போகலாம், அல்லது நின்று குரல் கொடுக்கலாம். விசுவாசம் உள்ளவன் உடனே போய்விடாமல் நின்று குரல் கொடுப்பான். எல்லோரும் ஓடிப்போனால் திருத்தச் சொல்ல ஆள் ஏது?

திருவொற்றியூர் புல்லட்

மிட்ஃபீல்டர் தம்பி சொல்வது சத்தியம். 2010ஐ ஒட்டிப் பழைய காஸ்ட் அயர்ன் என்ஜினை நிறுத்திப் புது என்ஜின் போட்டபோது கம்பெனியைத் திட்டியதில் முதல் ஆட்கள் நாங்கள்தான். அந்த டப் டப் சத்தம் போச்சு என்று சண்டை. அதற்கு முன்பு வலது பக்கக் கியரை இடது பக்கம் மாற்றியபோதும் அப்படித்தான். புகை விதிகள் கடுமையானதால் பழைய என்ஜின் நிற்க முடியாது என்பது புரிந்தது, ஆனாலும் திட்டினோம். ஜாவாக்காரன் திட்டினால் அடிக்கப் போவோம். நாங்கள் திட்டுவது வேறு.

மூலக்கடை சர்வீஸ்

> விசுவாசம் உள்ளவன் உடனே போய்விடாமல் நின்று குரல் கொடுப்பான்.

தம்பி, நீங்கள் அந்தக் குழுவில் கற்றது பெரிய விஷயம், அதை நான் குறைக்க மாட்டேன். ஆனால் எதிரில் ஆள் நிற்கும்போது குரல் எழும்புவதில்லை. வீட்டுக்குள் திட்டுவார்கள், எதிர்க்கட்சிக்காரன் காதில் விழும் என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது, பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 ஆக்கியது. அப்போது என் கடையில் ஐபோன் வைத்திருந்தவர்களே கம்பெனிக்காக வாதாடினார்கள். "போன் திடீரென்று அணையாமல் இருக்கத்தானே செய்தார்கள்" என்று. அது உண்மைதான். ஆனால் முன்பே சொல்லியிருந்தால் பேட்டரி மட்டும் மாற்றியிருக்கலாம், புது போன் வாங்கியிருக்க வேண்டாமே? இதைக் கேட்க வேண்டியது அவர்கள். ஆண்ட்ராய்டு ஆட்கள் சிரித்துக்கொண்டு நின்றதால் கேட்கவில்லை. முந்தின வருடம் சாம்சங் நோட் 7 தீப்பிடித்துத் திரும்பப் பெற்றபோது ஐபோன் ஆட்கள் இதேபோல் சிரித்தார்கள். இவர்கள் மாறி மாறிச் சிரித்ததில் லாபம் யாருக்கு?

பெரம்பூர் டீச்சர்

சர்வீஸ் தம்பியின் கேள்விக்கு இன்னொரு சோதனை பதில் சொல்கிறது. 1954இல் முசாஃபர் ஷெரிஃப் என்பவர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு முகாமுக்குப் பையன்களைக் கூட்டிப் போனார். இரண்டு குழுவாகப் பிரித்தார். கழுகுகள் என்று ஒன்று, பாம்பின் பெயரில் இன்னொன்று. போட்டிகள் வைத்துப் பரிசு அறிவித்ததும் கொடியை எரித்துக்கொண்டார்கள், தங்கும் குடிலுக்குள் புகுந்து சூறையாடினார்கள். பிறகு முகாம் நடத்தியவர்களே தண்ணீர் வரத்தை நிறுத்தினார்கள். இருவரும் சேர்ந்து தேடினால்தான் அடைப்பு சரியாகும் என்ற நிலை. அப்படிச் சில வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகுதான் பகை தணிந்தது.

இதை எல்லோரும் "பொதுவான கஷ்டம் வந்தால் சேர்ந்துவிடுவார்கள்" என்பதற்கே சொல்வார்கள். நான் பார்ப்பது முதல் பாதியை. போட்டியை வைத்தது யார்? பரிசை அறிவித்தது யார்? பையன்கள் இல்லை. முகாம் நடத்தியவர்கள்.

எண்ணூர் அலை

டீச்சர், உங்கள் தண்ணீர்க் கதையைப் படித்ததும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. கரண்ட் இல்லை. யாருடைய சிம்மில் சிக்னல் வருகிறதோ அந்த வீட்டு மாடியில் தெருவே நின்றது. ஒருவர் ஹாட்ஸ்பாட் போட, மற்றவர்கள் ஊருக்குத் தகவல் சொன்னார்கள். பவர் பேங்க் கை மாறிக்கொண்டே இருந்தது. ஐபோன் என்றால் தனி வயர் வேண்டியிருந்தது, அதற்காக மட்டும் நான் கொஞ்சம் அலைந்தேன். யாரும் பிராண்டு பேசவில்லை.

ஆனால் தண்ணீர் வடிந்து கொஞ்ச நாளில் அதே ஆட்கள் அதே சண்டை. அந்த முகாமில் பையன்கள் திருந்திவிட்டார்கள் என்கிறீர்கள், நாங்கள் ஏன் திரும்பிப் போனோம்?

பெரம்பூர் டீச்சர்

அங்கே முகாம் நடத்தியவர்கள் போட்டியை நிறுத்திவிட்டார்கள், அலை. இங்கே வருடா வருடம் புது மாடல் வெளியீடு. வெளியீட்டு மேடையிலேயே எதிரி போனின் படத்தைப் பக்கத்தில் போட்டுக் காட்டுகிறார்கள். அன்று ராத்திரியே "இதுவா அதுவா" என்று நூறு வீடியோ வருகிறது. அந்தத் தலைப்புக்குத்தான் பார்வை அதிகம் என்பதால் வீடியோ போடுகிறவருக்கும் வேறு வழியில்லை. கம்பெனிகளுக்கே எப்போதாவது இது வேண்டாம் என்று தோன்றினாலும் ரசிகர்கள் விடுவதில்லை. 1997 ஆகஸ்டில் பாஸ்டன் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், மைக்ரோசாஃப்ட் நம்மிடம் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று அறிவித்தார். திரையில் பில் கேட்ஸ் முகம் வந்ததும் அரங்கமே கூச்சல் போட்டது. ஆப்பிள் ஜெயிக்க மைக்ரோசாஃப்ட் தோற்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்று ஜாப்ஸே சொல்ல வேண்டியிருந்தது. எதிரி தோற்றால்தான் நமக்கு ஜெயம் என்ற எண்ணத்தை, ஐ.பி.எம்.மைக் குறிவைத்த 1984 விளம்பரத்திலிருந்து ஊட்டி வளர்த்ததும் ஆப்பிள்தான்.

வியாசர்பாடி மிட்ஃபீல்டர்

சரி டீச்சர், போட்டியை வைப்பது யார் என்ற கேள்வியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஆட்டமே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். எங்கள் கிரவுண்டிலும் ஸ்பான்சர் பேனர் கட்டத்தான் செய்கிறார்கள், அதற்காகப் பந்தை விட்டுவிட முடியுமா? வேண்டுமானால் இந்தத் தளத்தில் ஆட்டத்துக்கு விதி போடுவோம்.

ராயபுரம் ரயிலடி

அதற்குத்தான் நானும் வந்தேன். நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். "எது நல்லது" என்று யாராவது இழை தொடங்கினால், பதில் சொல்கிறவர் அந்த போனை வைத்திருக்கிறாரா, எவ்வளவு காலமாக, தவணை ஓடுகிறதா முடிந்துவிட்டதா என்பதை முதலில் எழுத வேண்டும். பிறகு தன் போனில் பிடிக்காதது ஒன்றையாவது சொல்ல வேண்டும். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் புகழட்டும்.

தண்டையார்பேட்டை கல்யாண கேமரா

கேமரா பகுதிக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கையில் எத்தனை லென்ஸ் இருக்கிறது என்று.

எண்ணூர் அலை

தவணை விவரம் எழுதச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, ரயிலடி அண்ணே. அதைப் பார்த்து ஆளை எடை போட இங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள். எவ்வளவு காலம் வைத்திருக்கிறார் என்பது போதும். பிடிக்காதது ஒன்று சொல்வது நல்ல விதி. என்னுடையதை நானே முதலில் எழுதிவிடுகிறேன்: சார்ஜ் ஏறுவது ரொம்ப மெது, வெயிலில் சூடாகிறது, பேட்டரி சாயங்காலம் வரை தாங்குவதில்லை.

மூலக்கடை சர்வீஸ்

அலை, பேட்டரி ஹெல்த் எவ்வளவு காட்டுகிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள். 80க்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றினாலே போதும், போனை மாற்ற வேண்டாம். போன வாரம் கேட்டுவிட்டுப் போன அந்தப் பையனைத் தெரிந்தவர்கள் யாராவது அவனை இந்த இழைக்கு அனுப்புங்கள். அவன் சொன்ன இரண்டு மாடலுமே என் கடைக்கு வருகின்றன. எதற்குப் பாகம் சீக்கிரம் கிடைக்கிறது, எதில் சார்ஜிங் போர்டு அடிக்கடி போகிறது என்று அவனுக்கு நான் எழுதுகிறேன்.